புற்றரையிலிருந்து எழும் சிறு விமானம்



உங்கள் வீட்டு வானொலிப் பெட்டி தானாக ஒன்றும் பேசுவதில்லை. தொலைவில் ஒரு நிலையத்திலிருந்து புறப்படும் அலையை அது வாங்குகின்றது. அவ்வலையிற் பொதிந்துள்ள குறிப்பைப் பிரித்தெடுக்கின்றது. அக்குறிப்பின்படி ஒலிபெருக்கியின் மெல்லிய தாளை அசைக்கின்றது. அந்த அசைவே நம் செவிக்கு ஒலியாகின்றது. ஒலிபெருக்கியின் தாளை அசைக்கவல்ல அலை, ஒரு சிறு விமானத்தின் சுக்கானையும் அசைக்கமாட்டாதோ? அசைக்கும். இக்கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானம். முதன்முதலாக இதனைப் பறக்கவிட முயலும் ஒருவர், ஒரு புற்றரையில் நின்றுகொண்டு, எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும்.

முதலில் சிறிது வரலாற்றைக் கூறுவேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே கலமசூ என்னும் நகரில் வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் வாழ்ந்தனர். அவர்கள் 1937ஆம் ஆண்டில் ஒரு மாதிரி விமானத்தை வானொலி அலையால் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கஃப்' என்பது. அது பெற்றோல் இயந்திரத்தால் ஓடியது. மின்சாரத்தால் ஓடும் விமானத்துக்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, இங்கிலாந்தில் கேணல் ரப்லின் என்பவர் 'றேடியோ குயீன்' என்னும் தமது மாதிரி விமானத்தை மின்மோட்டரின் வலுவால் பறக்கவிட்டார். வெள்ளியும் நாகமும் கொண்ட பற்றரியே அதற்கு வலுவளித்தது.

மின்சாரம் ஏன் பின்தங்கியது? மோட்டர் கிடைக்காமையால் அன்று, பற்றரியின் பாரத்தினாலேதான். தன்னையே தூக்கமாட்டாத பற்றரி விமானத்தை எங்ஙனம் தூக்கும்? இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் லிதியம் பொலிமர் என்னும் இலேசான பற்றரி மாதிரி விமானக்காரரின் கைக்கு எட்டியது. அதன் பின்னர் நிலைமை அடியோடு மாறிவிட்டது. இன்று புதிதாகக் கற்பவர்களிற் பெரும்பாலோர் மின்விமானத்தையே தெரிந்துகொள்கின்றனர். அதில் எண்ணெய் இல்லை, புகை இல்லை, பேரிரைச்சலும் இல்லை.

இனி, எனக்கு இப்பொருளில் ஈடுபாடு ஏற்பட்ட வரலாற்றையும் கூறிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடையில், இங்கிலாந்தில் குடியிருக்கும் என் மருமகனின் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். மருமகன் தன் மகனின் பதினோராவது பிறந்தநாளுக்கு இத்தகைய விமானம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான். அன்று மாலையே மூவருமாக ஊர்ப்புறத்துப் புல்வெளி ஒன்றுக்குச் சென்றோம். நூல் எதுவும் படிக்கவில்லை, எவரையும் கேட்கவுமில்லை. பேரன் கட்டளைக் கருவியைப் பிடித்துக்கொண்டான். தகப்பன் விமானத்தைத் தலைக்கு மேலாகத் தூக்கி, வானத்தை நோக்கிப் பலமாக வீசினான். அது மேலே கிளம்பிற்று. ஒரு கணம் தயங்கி நின்றது. ஓர் இறக்கை சாய்ந்தது. மூக்கு முன்னே வர, நிலத்திற் குத்துண்டு விழுந்தது. எல்லாம் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிட்டன. சிறுவன் ஒரு சொல்லும் பேசவில்லை. உடைந்த மூக்கைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்தான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் படிக்கட்டின் கீழே தள்ளிவிட்டான். தன் கையாலேயே அது விழுந்தது என்று அவன் எண்ணிக்கொண்டான்.

மறுவாரம் அயலில் வாழ்ந்த ஒரு முதியவர் வந்தார். ஓய்வுபெற்ற பொறிவினைஞர், பல ஆண்டுகள் மாதிரி விமானம் விட்டுப் பழகியவர். நடந்ததை நாங்கள் விரிவாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூவரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பிழை அங்கேதான் இருந்தது. சிறுவனின் கையில் அன்று.

நேயர்களே, விமானத்தைத் தாங்குவது நிலத்தின்மேல் அதற்குள்ள வேகம் அன்று. காற்றினூடே அதற்குள்ள வேகமே. ஒரு சிறு விமானம் மிதப்பதற்குக் காற்றினூடே மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரேயிருந்து மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசுமாயின், நாம் அதற்குக் கொடுக்கவேண்டிய வேகம் 15 மட்டுமே. அதே காற்று நமது முதுகுப்புறமிருந்து வீசுமாயின், 35 கொடுக்கவேண்டும். கையால் வீசுபவர் அவ்வளவு வேகத்தை எங்ஙனம் கொடுப்பார்? நாங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீசியிருக்கின்றோம். அதற்கு மேலாக, நேராக முன்னோக்கி வீசாமல் வானத்தை நோக்கி வீசியிருக்கின்றோம். தை மாதத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றும் சிறுவர் எவரும் இப்பிழையைச் செய்யமாட்டார். பட்டத்துக்கு எதிர்காற்று வேண்டும் என்பது அவர்கள் அறிந்தது. பட்டத்துக்கு உரிய அவ்விதி விமானத்துக்கும் உரியதே.

இனி, விமானத்தின் அமைப்பைப் பார்ப்போம். முதன்முதலிற் கற்பவர் தெரிந்தெடுக்கவேண்டியது, உடலின் மேலே இறக்கை பொருத்தப்பட்ட விமானமாகும். பாரம் கீழேயும் இறக்கை மேலேயும் இருப்பதனாலும், இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேனோக்கி வளைந்திருப்பதனாலும், சாய்ந்தாலும் அது தானாகவே நிமிர முயலும். இறக்கையின் அகலம் நுனிக்கு நுனி ஏறக்குறைய ஒன்றே கால் மீற்றரும், எடை ஒரு கிலோகிராமுக்கு உட்பட்டும் இருக்குமாயின் நன்று. மிகச் சிறியதைக் காற்று அலைக்கழிக்கும். மிகப் பெரியது விழுந்தால் ஆபத்தும் செலவும் அதிகம். பொருட்களைப் பொதிசெய்யப் பயன்படும் வெண்ணிற நுரைப்பொருளை ஒத்த, ஆயின் அதனிலும் உறுதியான ஒரு பொருளால் இவ்விமானங்கள் செய்யப்படுகின்றன. உடைந்தால் ஒட்டிவிடலாம்.

உள்ளே இருப்பவை ஐந்து உறுப்புக்கள். முதலாவது பற்றரி. இரண்டாவது சுழல்விசிறியைச் சுற்றும் மோட்டர். மூன்றாவது அம்மோட்டருக்குச் செல்லும் மின்னைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. நான்காவது வானொலி அலையை ஏற்கும் வாங்கி. ஐந்தாவது 'சேர்வோ' எனப்படும் சின்னஞ்சிறு மோட்டர்கள். இவை வாலிலுள்ள மடல்களையும், இறக்கையின் பின்னோரத்து மடல்களையும் அசைப்பன. வாலின் கிடை மடல் மூக்கை ஏற்றி இறக்கும். வாலின் நிமிர்ந்த மடலாகிய சுக்கான் மூக்கை இடம் வலமாகத் திருப்பும். இறக்கை மடல்கள் விமானத்தைச் சாய்க்கும்.

முன்னாளில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே வேளையில் இயக்கினால் ஒருவரது விமானம் மற்றவரது கட்டளைக்கு அகப்பட்டு விழுந்துவிடும். அதனாற் கழகங்களிலே ஒரு பலகையில் அடையாள முளை செருகி, முறைவைத்துப் பறக்கவிட்டனர். இன்றைய கருவிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. ஒவ்வொரு வாங்கியும் தனக்குரிய கட்டளைக் கருவியை மட்டும் அடையாளங்கண்டு கீழ்ப்படியுமாறு அமைக்கப்பட்டிருப்பதால், அந்த இடர் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

அடுத்து, இடம். புற்றரை கற்பவருக்குத் தாய்மடி போன்றது. விழுந்தாலும் மெல்லெனத் தாங்கும். தாரிட்ட நிலமோ உராய்ந்து உடைத்துவிடும். ஆனால் எல்லாப் புல்லும் ஒரே தன்மையதன்று. கட்டையாக வெட்டப்பட்ட புல்லிற் சிறு சில்லுகள் உருளும். கணுக்கால் அளவு புல்லில் அவை சிக்கிக்கொள்ள, விமானம் தலைகுப்புறக் கவிழும். அத்தகைய இடத்திற் சில்லுகளைக் கழற்றிவிட்டு, கையால் வீசி ஏற்றி, வயிற்றால் இறக்குவதே முறை. சில்லை வைத்துக்கொள்ள விரும்புவோர் பெரிய சில்லைப் பூட்டல் வேண்டும். சுழல்விசிறி மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் அமைந்த விமானங்களும் உண்டு. வயிற்றால் இறங்கும்போது அவற்றின் விசிறி புல்லிற் படுவது அருமை.

மைதானம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. நான்கு புறமும் ஒரு காற்பந்தாட்டத் திடலினும் விரிந்த வெளி வேண்டும். மரம், மின்கம்பி, வீதி, வீடு, மேயும் மாடு இவை பறக்கும் எல்லைக்கு அப்பால் இருத்தல் வேண்டும். மனிதர் நடமாடும் இடத்துக்கு மேலாகப் பறக்கவிடல் எக்காலத்தும் ஆகாது. ஒரு கிலோகிராம் பொருள் வேகமாக வந்து தலையில் மோதினால் விளைவது விளையாட்டாகாது.

காற்றை அளக்கக் கருவி வேண்டியதில்லை. சிறிது புல்லைப் பிடுங்கி உயரத்திலிருந்து விடுங்கள். அது போகும் திசையே காற்றின் திசை. இலைகள் சலசலத்து, முகத்திற் காற்று மெல்லப் படுமாயின் பறக்கவிடலாம். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாது அசையுமாயின், கற்பவர் அன்று வீட்டுக்குத் திரும்புவதே அறிவுடைமை. விடியற்காலையும் அந்திக்கு முந்திய வேளையும் பெரும்பாலும் அமைதியானவை. ஆயின் சூரியன் கண்ணுக்கு நேரே தாழ்ந்து நிற்கும் பக்கத்தில் விமானத்தைச் செலுத்தாதிருத்தல் வேண்டும். ஒளியில் அது மறைந்தால் மீண்டும் கண்டுபிடிக்குமுன் நிலத்தில் இருக்கும்.

பறக்குமுன் செய்யவேண்டிய சோதனைகளை அந்த முதியவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கிற் செய்தார். முதலிற் கட்டளைக் கருவியை இயக்கி, மோட்டரின் நெம்புகோலை அடிமட்டத்தில் வைத்தார். அதன் பின்னரே விமானத்திற் பற்றரியை இணைத்தார். இறங்கிய பின் முதலிற் பற்றரியைக் கழற்றி, அதன்பின் கட்டளைக் கருவியை நிறுத்தினார். இவ்வொழுங்கு மாறினால், எவருடைய கட்டளையுமின்றி விசிறி சுழலத் தொடங்கக்கூடும். பற்றரி இணைக்கப்பட்ட கணத்திலிருந்து விசிறியைக் கூரிய கத்தி என்றே கருதவேண்டும். அதன் முன்னாலோ பக்கத்திலோ விரலோ முகமோ இருத்தலாகாது. மின்மோட்டர் நின்றிருக்கும்போது பெற்றோல் இயந்திரம்போல முழங்கி எச்சரிப்பதில்லை, திடீரெனச் சுழலும். ஆகவே ஆபத்து மறைந்திருக்கின்றது.

பின்னர் ஒவ்வொரு மடலையும் அசைத்துப் பார்த்தார். வலப்புறம் திரும்பு என்றால் வலப்புற இறக்கையின் மடல் மேலெழ வேண்டும். மூக்கை உயர்த்து என்றால் வாலின் கிடை மடல் மேலெழ வேண்டும். மாறி அசைந்தால் அன்று பறப்பு இல்லை. அடுத்து, இறக்கையின் கீழே இரு விரலால் விமானத்தைத் தாங்கி, பாரம் சமமாக நிற்கும் இடம் செய்தவர் குறித்த இடந்தானா என்று பார்த்தார். அஃது இறக்கையின் முன்னோரத்திலிருந்து ஏறக்குறையக் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துள் அமையும். பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம். முச்சை பிழைத்த பட்டம் சுழன்று விழுவதுபோல, வாற்பக்கம் பாரம் கூடிய விமானமும் அடங்காது திரியும்.

இப்போது எழுச்சி. கையால் ஏற்றும்போது, கட்டளைக் கருவியைப் பிடிப்பவர் ஒருவரும் வீசுபவர் வேறொருவருமாக இருத்தல் கற்பவருக்கு நல்லது. காற்றை எதிர்நோக்கி, இறக்கைகள் மட்டமாக, மூக்கு நேராக, ஈட்டியைச் செலுத்துவதுபோல வீசவேண்டும். விசிறி பின்னால் அமைந்த விமானமாயின், கை விலகிய பின்னரே மோட்டரை முடுக்கவேண்டும். புல்லில் உருண்டு எழும்போதோ, மோட்டரைப் படிப்படியாக முடுக்கி, மூக்கு புல்லிற் குத்தாதவாறு கிடை மடலைச் சற்று மேலே பிடித்து, சுக்கானால் நேர்வழியிற் செலுத்தவேண்டும். புல் இழுத்துப் பிடிப்பதால் ஓட்டம் நீளும். அவசரப்பட்டு மூக்கைச் செங்குத்தாகத் தூக்கலாகாது.

தூக்கினால் என்ன நிகழும்? இறக்கையின்மேல் வழிந்தோடும் காற்று, இறக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்தவுடன் அதன் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்துவிடுகின்றது. தாங்கும் வலு மறைகின்றது. விமானம் கல்லாகின்றது. எங்கள் முதல் விமானத்துக்கு நேர்ந்தது இதுவே. இதற்கு மருந்து, மனம் விரும்புவதற்கு நேர்மாறானது. விழுகின்றதே என்று மேலும் மூக்கை உயர்த்தாமல், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளல் வேண்டும். அதற்கு உயரம் தேவை. ஆகவேதான் கற்பவர் தாழப் பறப்பது பாதுகாப்பு என்று எண்ணலாகாது. முப்பது நாற்பது மீற்றர் உயரத்தில் ஒரு பிழை செய்தாலும் திருத்த நேரமுண்டு. ஐந்து மீற்றரில் அந்நேரம் இல்லை.

எல்லோரையும் தடுமாறச் செய்யும் மற்றொன்று, விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றுவது. அப்போது ஒரு சிறு வழியை நினைவிற் கொள்ளுங்கள்: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகின்றதோ அந்தப் பக்கமாக நெம்புகோலைத் தள்ளுங்கள், சாயும் வேலிக்கு முட்டுக்கொடுப்பதுபோல அது நிமிர்ந்துவிடும். மேலும், விமானத்தை எப்போதும் நமக்குக் காற்றுவரும் பக்கத்திலேயே வைத்திருத்தல் வேண்டும். அப்போது மோட்டர் ஓய்ந்தாலும் காற்று அதனை நம்மிடம் கொண்டுவரும். காற்றுப்போகும் பக்கத்திற் சென்றால், திரும்பி வருவது பெரும்பாடு. இக்காலத்துப் பயிற்சி விமானங்கள் பலவற்றில், நெம்புகோலை விட்டவுடன் இறக்கையை மட்டமாக்கும் நுண்கருவி உண்டு. அது நல்ல துணைவன். ஆயின் எதிரே நிற்கும் மரம் அதற்குத் தெரியாது.

இறக்கம் எழுச்சியினும் அரியது. மூன்று மின்கலம் கொண்ட, 11.1 வோல்ற்றுப் பற்றரியுடன் இத்தகைய விமானம் பெரும்பாலும் எட்டுப் பத்து நிமிடம் பறக்கும். ஆறாவது நிமிடத்தில் மணி ஒலிக்குமாறு அமைத்துவிட்டு, இறக்க ஆயத்தமாகுங்கள். மிச்சமுள்ள மின், முதல் முயற்சி தவறினால் மீண்டும் சுற்றி வருவதற்கு உதவும். காற்றோடு சென்று, திரும்பி, காற்றை எதிர்த்து வாருங்கள். மோட்டரைக் குறைத்தால் விமானம் தானே தாழும். நிலம் ஒரு மீற்றர் அளவில் அணுகியதும் மூக்கை மெல்ல உயர்த்துங்கள். புல்லைத் தொடுமுன் மோட்டரை முற்றாக நிறுத்திவிடுங்கள். புல்லிற் சிக்கிச் சுழலமுடியாத மோட்டர் பெருமளவு மின்னை இழுத்து, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எரித்துவிடக்கூடும்.

உயர்ந்த புல்லில் விழுந்துவிட்டால் உடனே ஓடாதீர்கள். விழுந்த இடத்துக்கு அப்பால் நேராகத் தெரியும் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அந்நேர்கோட்டிலே நடந்து செல்லுங்கள். இன்னொருவர் வேறோரிடத்திலிருந்து அவ்வாறே நடந்தால், இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் விமானம் கிடக்கும்.

விழுந்த விமானத்தின் பற்றரியைக் கவனியுங்கள். லிதியம் பொலிமர் பற்றரி இலேசானது. அதன் சினமோ பெரிது. நசுங்கியோ வீங்கியோ இருந்தால் மீண்டும் மின்னேற்றலாகாது. அதற்கென அமைந்த மின்னேற்றியாலன்றி வேறெதனாலும் ஏற்றலாகாது. ஒவ்வொரு மின்கலமும் 4.2 வோல்ற்றுக்கு மேற்செல்லலாகாது. மின்னேறும்போது தீப்பற்றாத இடத்தில் வைத்து, அருகிலேயே இருங்கள், உறங்கப் போகாதீர்கள். பறக்காத நாட்களில் ஒரு மின்கலத்துக்கு ஏறக்குறைய 3.8 வோல்ற்று இருக்குமாறு வைத்தல் அதன் ஆயுளை நீட்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. வானம் பொதுச்சொத்து, அதிற் பெரிய விமானங்களும் வருகின்றன. இங்கிலாந்திற் பொதுவாக 120 மீற்றர், அதாவது 400 அடிக்கு மேலே பறக்கவிடல் கூடாது. பதிவு செய்தலும், விதிகளைக் கற்றுத் தேர்வு எழுதுதலும் உண்டு. நம் நாட்டில் ஆளில்லா வானூர்திகள் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே வாங்குமுன்னரே அனுமதிபற்றி விசாரித்தல் வேண்டும். நிலத்துக்கு உரியவரின் இசைவும் வேண்டும்.

இறுதியாக, படிக்கட்டின் கீழ்க் கிடந்த அந்தப் பெட்டியின் கதையை முடித்துவிடுகின்றேன். முதியவர் மூக்கை ஒட்டிக் கொடுத்தார். தமது கட்டளைக் கருவியையும் சிறுவனது கருவியையும் இணைத்தார். இம்முறையில் ஆசிரியர் ஒரு விசையை அழுத்தியிருக்கும்வரை மாணவனின் கட்டளை செல்லும். விரலை எடுத்தவுடன் ஆசிரியரின் கட்டளை செல்லும். புல்வெளிக்குப் போனதும் பேரன் கருவியைத் தொடவில்லை. முதலிற் குனிந்து, ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, உயர்த்தி விட்டான். புல் எங்களுக்குப் பின்னே போயிற்று. "எதிர்காற்று," என்றான். தகப்பன் நேராக வீசினான், விமானம் எழுந்தது.

அன்று முதியவர் நான்கு முறை விரலை எடுத்தார்; அடுத்த வாரம் ஒரு முறை. நான் ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முதல்நாள், அவர் தமது கருவியை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சிறுவன் அதனைக் கவனிக்கவில்லை. அவன் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது காற்றை எதிர்த்து மெல்லத் தாழ்ந்து, புல்லின்மேல் வழுக்கி, எங்களிடமிருந்து பத்து அடி தூரத்தில் வந்து நின்றது.

நேயர்களே, விமானம் வாங்குவோர் முதலில் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். கிடைக்காவிடின் கணினியிற் பறக்கப் பழகும் பயிற்சி நிரல்கள் உண்டு. அவற்றில் விழுந்தால் ஒன்றும் உடைவதில்லை. அதன் பின்னர் புற்றரைக்குச் செல்லுங்கள். சென்றதும் முதலில் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, அது போகும் திசையைப் பாருங்கள்.